வீட்டில் ஆள் இருக்கு

கதிரையில் இருந்துகொண்டு, கையில் பேனையோடு ஒருவர் “எந்த ஊர்?” என்று கேட்டால், முஃபீதாவின் வாய் அவளைக் கேட்காமலே பதில் சொல்லிவிடும். பாலைக்கேணி. மன்னார்ப் பக்கத்துப் பாலைக்கேணியில் அவள் பிறக்கவில்லை, வளரவில்லை, ஒரு பெருநாள்கூடக் கொண்டாடியதில்லை. பிறந்தது, நடை பழகியது, பெரியபிள்ளையானது, நிக்காஹ் முடித்தது எல்லாம் கற்பிட்டிக் கரையில், எத்தாளை வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒரு மணல் ஒழுங்கையில். அந்த ஒழுங்கையில் இருக்கும் வீடுகளை இன்றைக்கும் முகாம் என்றுதான் சொல்கிறார்கள். கூடாரம் கிடுகாகி, கிடுகு கல்லாகி, சில வீடுகளுக்கு ஓடும் ஏறிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

அந்தப் பதிலை வாயில் ஏற்றி வைத்தது அவளுடைய வாப்பா நூர்தீன். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் துரத்தியபோது, உடுத்த உடுப்போடு வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் வந்து இறங்கியவர். மஃரிப் தொழுதுவிட்டு வந்து பாயில் பிள்ளைகளை இருத்தி ஓதக் கொடுப்பார். ஓதி முடிந்ததும் கிதாபை மூடிவிட்டு இன்னொரு பாடம் நடக்கும். அரசாங்கக் கந்தோர்க்காரர் வந்து கேட்டால் எந்த ஊர் என்று சொல்ல வேண்டும்? பிள்ளைகள் ஒரே குரலில் பாலைக்கேணி என்பார்கள். இங்கத்த ஊர் என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னாலும் அங்கத்த காணி போகும், வீடு போகும், பிறகு ஊரே போகும் என்று அந்த மனுசன் நம்பினார். அவர் நம்பியது பிழை என்றும் சொல்ல முடியாது. இரண்டு ஊர் உள்ள ஆளுக்கு அரசாங்கத்தின் தாளில் ஒரு பெட்டிதான் இருந்தது.

ஆகவே முகாம்காரருக்கு வாக்கு அங்கே, பதிவு அங்கே, பாட்டன் காணி அங்கே. பசி, கூலி, காய்ச்சல், பிள்ளைப்பேறு எல்லாம் இங்கே. ஒரு பகுதிக்கு எத்தனை மருத்துவமாது வேண்டும், எத்தனை கிளினிக் வேண்டும் என்று மேலிடத்தில் கணக்குப் பார்ப்பவர்கள் பதிவில் இருக்கிற தலைகளைத்தான் எண்ணினார்கள். முகாமில் இருந்த தலைகளோ அங்கே எண்ணப்பட்டன. இருந்த ஒரேயொரு மிட்வைஃப் ஓய்வுபெற்றுப் போனபின் அந்தக் கதிரை வெறுமனே கிடந்தது. பக்கத்துப் பகுதி மிட்வைஃப் அக்னஸ் தன் வேலையோடு இதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு திரிந்தார். வன்னியிலிருந்து யுத்தத்தின் நடுவே ஓடிவந்து இங்கே தங்கிவிட்ட மனுசி. அலைச்சலும் அகதி வாழ்க்கையும் அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன, அவருக்கும் இரண்டு கால்தானே. மாதத்தில் ஒருநாள் முன்பள்ளிக் கட்டடத்தில் கிளினிக் வைப்பார். பெண்கள் எல்லாரும் குழந்தைகளின் குட்டி வாங்குகளில் வரிசையாக இருக்க, ஒருத்தியிடம் கேட்கிற கேள்வி எல்லாருக்கும் கேட்கும். வெள்ளைபடுகிறதா, எரிவு இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்கள். பக்கத்தில் மாமி இருக்கும்போது வேறு என்ன சொல்வது?

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். சுகாதாரப் புத்தகத்தில் அந்தப் பாடம் வந்த கிழமை, ஆசிரியை இதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். வீட்டில் உம்மா அந்தப் பக்கத்தைக் கண்டுவிட்டுப் புத்தகத்தை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டார். முஃபீதாவின் படிப்பு அங்கே முடிந்தது. வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கவும் மிளகாய் பறிக்கவும் கூலிக்குப் போனாள்.

அவள் நிக்காஹ் முடித்த முபாறக் அதே முகாமில் பின்வரிசை வீட்டுப் பிள்ளை. கடல்தொழில். இந்தக் கரையில் கச்சான் காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இங்கத்த ஆம்பிளைகள் படகையும் வலையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய், அங்கே கடற்கரையில் வாடி அடித்துத் தங்கித் தொழில் செய்வார்கள். ஓலைக் கொட்டில்தான் வாடி. அதற்குள் பத்துப் பன்னிரண்டு ஆம்பிளைகள், ஒரு சமையல்காரன், மாதக்கணக்கில் வீடில்லாத வாழ்க்கை. அந்தக் கரைகளில் அதற்கென்று பெண்களும் இருந்தார்கள். யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்த பெண்கள் அவர்கள். அதைப் பற்றி முகாமில் எவரும் வாய் திறக்கமாட்டார்கள். வாடிக்குப் போகிற ஆம்பிளைகளுக்கு வலைக்கு ஈயம் கட்டச் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது, இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. ஒரு வருஷம் முபாறக் வாடியிலிருந்து வந்தபோது உடம்பில் ஒரு புண் இருந்தது. நோகவில்லை, தானாகவே ஆறியும் விட்டது. ஆறின புண்ணை ஆர் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

கல்யாணம் முடிந்து இரண்டாம் வருஷம் பாலைக்கேணியில் அவர்களுக்கு வீட்டுத்திட்டம் கிடைத்தது. வாப்பா அதற்கு முன்பே மவுத்தாகிவிட்டார். உயிரோடு இருந்திருந்தால் அழுதழுது சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் வீடு சும்மா வராது. அத்திவாரத்துக்கு ஒரு கொடுப்பனவு, சுவருக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் உத்தியோகத்தர் வந்து பார்ப்பார். ஆள் அங்கே ஒரு கொட்டில் போட்டாவது குடியிருந்தால்தான் அடுத்தது கிடைக்கும். பாலைக்கேணியில் குடியிருக்கலாம்தான், ஆனால் தொழில் இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, பஸ் வருவதும் அருமை. அதனால் முகாம்காரர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

அந்த வழியின் பெயர் மஹ்மூதா. வாப்பாவின் உறவு, முஃபீதாவுக்குச் சாச்சி முறை. விதவை. பிள்ளைகள் ஆளுக்கொரு திசை. திரும்பிப்போய் உண்மையாகவே அங்கே குடியிருந்த சிலரில் ஒருவர். உத்தியோகத்தர் வரப்போகிறார் என்று காதில் பட்டால் சாச்சி முகாமுக்குப் போனில் கோல் எடுப்பார். முகாம்காரர் மதவாச்சியைச் சுற்றிப் போகிற பஸ்ஸைப் பிடித்து விடியமுதல் அங்கே நிற்பார்கள். அடுப்பை மூட்டிச் சாம்பல் காட்டுவார்கள். துணியை நனைத்துக் கொடியில் போடுவார்கள். பூட்டிக் கிடந்த வீடு ஒரு காலையிலேயே பத்து வருஷம் குடியிருந்த வீடாகிவிடும். வந்து சேர முடியாதவர்களின் வீட்டுக்கு மற்றவர்கள் பொறுப்பு. “வீட்டில் ஆள் இருக்கு, கடைக்குப் போயிருக்கு” என்று சொல்லிவிட வேண்டும். முஃபீதாவும் அப்படி எத்தனையோ வாசலில் நின்று எத்தனையோ பேருக்காகச் சொல்லியிருக்கிறாள். முகம் கோணாமல் சொல்வாள். அவள் சொன்னால் உத்தியோகத்தரே தேத்தண்ணி கேட்டுக் குடித்துவிட்டுப் போவார் என்று சாச்சி பகிடி பண்ணுவார்.

அந்த வீடு சுவரோடு நிற்கையில்தான் முஃபீதா உண்டானாள். பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற வருஷம் அது. முபாறக் மே மாதம் வாடிக்குப் போனான். போன இடத்தில் படகுக்கு எண்ணெய் கிடைக்காமல் கரையில் குந்திக்கொண்டிருந்தான். வரவும் காசில்லை. அக்னஸ் மிஸ்ஸின் ஸ்கூட்டருக்கும் பெற்றோல் இல்லை. முன்பள்ளிக் கிளினிக் நின்றுபோயிற்று. முபாறக்கின் மச்சான் முறையான அக்ரம் ஓட்டோ ஓடுகிறவன். எங்கிருந்தோ கொஞ்சம் எண்ணெய் பிடித்து முஃபீதாவையும் இன்னும் மூன்று பெண்களையும் ஏற்றிக்கொண்டுபோய்ப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் விட்டான்.

அங்கே கதிரையில் ஒரு பெண் பேனையோடு இருந்தாள். சிங்களத்தில் ஊரைக் கேட்டாள். முஃபீதாவின் வாய் அவளைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, அவ்வளவு தூரத்திலிருந்தா வருகிறாய் என்று கேட்டாள். கந்தோரில் இருக்கிற ஆள் இரண்டாம் தரம் கேட்டால் இன்னும் உறுதியாகச் சொல்ல வேண்டும், அதுதான் வாப்பா படிப்பித்தது. முஃபீதா உறுதியாகச் சொன்னாள். போன் நம்பர் கேட்டபோது முபாறக்கின் நம்பரைக் கொடுத்தாள். முகாமில் ஒரு பொம்பிளையின் நம்பரைக் கந்தோரில் கொடுப்பது வழக்கமில்லை. அந்தப் போனோ, வாடிக்குப் போன அடுத்த கிழமையே படகிலிருந்து கடலுக்குள் விழுந்துவிட்டிருந்தது. அது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கையில் ரத்தம் எடுத்தார்கள். என்னத்துக்கு என்று அவள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஏதும் இருந்தால் அறிவிப்போம் என்றார்கள். பிறகு அங்கே போக எண்ணெயும் இல்லை, அங்கிருந்து ஒன்றும் வரவும் இல்லை. ஒன்றும் வராதபடியால் ஒன்றும் இல்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். ரத்தம் எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை என்று முபாறக்கின் உம்மாவான மாமிக்கும் சொன்னாள். ரத்தம் எடுத்ததையே மருந்து போட்டதுபோல நினைத்துக்கொண்டாள் பாவி.

பிள்ளை வயிற்றுக்குள் நல்லாகத்தான் விளையாடியது. அஸர் தொழுகைக்குப் பிறகு சரியாக உதைக்கத் தொடங்கும். முஃபீதா வேலையெல்லாம் போட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து இருந்து அந்த உதையை வாங்குவாள். பொம்பிளைப் பிள்ளை என்று மனம் சொல்லியது. நிஃப்லா என்று பெயரும் பார்த்து வைத்திருந்தாள். அவளுக்கென்று இந்த உலகத்தில் ஒரு ஊரும் உறுதியாக இருக்கவில்லை. பிள்ளை ஒன்றுதான் தன்னுடையது என்று தோன்றியது.

எட்டாம் மாதம் தொடங்கினபோது உதை நின்றது. ஒருநாள் பார்த்தாள், மறுநாளும் பார்த்தாள். இனிப்பைத் தின்று பார்த்தாள், இடப்பக்கம் சரிந்து படுத்துப் பார்த்தாள். மாமி வயிற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு எழும்பிப் போய் அக்ரமைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் உயிரில்லாத பிள்ளையை அவள் நோவு எடுத்துத்தான் பெற வேண்டியிருந்தது. பக்கத்துக் கட்டில்களில் பிள்ளைகள் அழுதன. அவளுடைய பிள்ளை அழவில்லை. பொம்பிளைப் பிள்ளைதான். நிஃப்லா என்று பெயர் வைத்து, துண்டுத் துணியில் கபன் செய்து முகாமுக்குப் பக்கத்து மையவாடியில் அடக்கினார்கள். அந்தக் குடும்பத்தில் இந்த ஊர் என்று நிச்சயமாகிப்போன முதல் ஆள் அவள்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்சநாளில் அக்னஸ் மிஸ் முகாமுக்கு வந்தார். பெரிய டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டுக்குள் வைத்துப் பேச முடியாது, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமி. மிஸ் அவளை மெதுவாகக் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய், கவிழ்த்து வைத்திருந்த ஒரு தோணியின் நிழலில் இருத்தினார். தன் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

“உங்கட ரத்தத்தில மூண்டாம் மாசமே தெரிஞ்சது முஃபீதா. சிபிலிஸ் எண்டு ஒரு வருத்தம். உடம்புறவால வாறது. உங்களுக்கு வெளியில ஒண்டும் தெரியாது, உள்ள இருந்து பிள்ளையத்தான் பிடிக்கும். ஊசி போட்டிருந்தா பிள்ளைக்கு ஒண்டும் வந்திருக்காது.”

முஃபீதாவுக்கு அந்த வருத்தத்தின் பெயர் காதில் ஏறவே இல்லை. ஊசி போட்டிருந்தால் என்பது மட்டும் ஏறியது.

“அப்ப ஏன் மிஸ் எனக்குச் சொல்லல்ல?”

“சொல்லி அனுப்பினவங்க. நீங்க குடுத்த முகவரிக்கு.”

கடல் சும்மா கிடந்தது. மிஸ் மெல்ல மெல்ல மிச்சத்தையும் சொன்னார். இந்த நாட்டில் இந்த வருத்தத்தால் இப்போதெல்லாம் பிள்ளைகள் சாவதே இல்லை என்று சொல்லுமளவுக்கு அக்கறையாகப் பார்க்கிறார்கள், அதனால்தான் டொக்டருக்கு அவ்வளவு கோபம், அவ்வளவு கவலை. கொடுத்த நம்பருக்கு எடுத்தார்கள், வேலை செய்யவில்லை. பிறகு பாலைக்கேணிப் பக்கத்து மிட்வைஃபுக்கு அறிவித்தார்கள். அந்த மிட்வைஃப் போய்ப் பார்த்ததாகத்தான் பதில் வந்தது. வீட்டில் ஆள் இருப்பதாகச் சொன்னார்களாம், ஆனால் ஆளைக் காணக் கிடைக்கவில்லையாம்.

பொய் என்றாள் முஃபீதா. அங்கே ஆர் இருந்தது? அந்த வீட்டில் அப்போது கூரைகூட இல்லை. ஒருத்தரும் போகவில்லை. விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு போனதாக எழுதியிருப்பார்கள், கந்தோர்க்காரரின் புத்தி எனக்குத் தெரியாதா என்று கேட்டாள். போகாமலே எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்தான் என்று அக்னஸுக்கும் தெரியும்.

அன்றிலிருந்து முஃபீதா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தரும் வரவில்லை. வந்திருந்தால் பிள்ளை செத்தது தன் வாயால், தான் சொன்ன ஊரால். வரவில்லை என்றால் பிழை அவர்களுடையது. சமைக்கிறபோதும் களை பிடுங்குகிறபோதும் இதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இந்தக் கோபம் இல்லாவிட்டால் அவள் எழும்பி நடந்திருக்கவே மாட்டாள்.

இனி அவளுக்கு ஊசி போட வேண்டும், கிழமைக்கு ஒன்றாக மூன்று. அதற்கென்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் தனிக் கிளினிக் இருந்தது. கட்டினவர் ஆரோ, அதன் கதவை ஓட்டோக்கள் நிற்கிற வெளிவாசலுக்கு நேரெதிரே வைத்திருந்தார். உள்ளே இருப்பவர்கள் தங்கமான மனுசர். பெயரைக்கூட உரக்கக் கூப்பிடமாட்டார்கள், நம்பர்தான். ஆனால் உள்ளே போவதற்கு முதலில் அந்தக் கதவைத் தாண்ட வேண்டுமே. காய்ச்சலுக்குப் போகிற கதவு வேறு, கண்ணுக்குப் போகிற கதவு வேறு, இந்தக் கதவு எதற்கு என்று ஓட்டோக்காரர் எல்லாருக்கும் தெரியும். முஃபீதா முகத்தை மூடிக்கொண்டு பஸ்ஸில் போனாள். முகத்தை மூடலாம், நடையை எப்படி மூடுவது? அக்ரமுக்கு அவள் நடையும் தெரியும், செருப்பும் தெரியும். அவன் கெட்டவன் இல்லை. வீட்டில் சோறு தின்னும்போது தன் உம்மாவிடம் சொல்லிவிட்டான், அவ்வளவுதான். உம்மா மாமியிடம் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தண்ணீர்க் குழாயடிக்கு முஃபீதா போனால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

பிள்ளை செத்த காரணம் கடைசியில் முகாமுக்குத் தெரிந்துவிட்டது, அதுவும் தலைகீழாக. புருசன் இல்லாத நேரத்தில் தோட்டத்துக்கு வேலைக்குப் போன பொம்பிளை, பட்டணத்துக்குத் தனியே போய்வருகிற பொம்பிளை, அவள்தான் எங்கேயோ போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். மாமி நேரே முகத்தில் சொல்லவில்லை. அவளுடைய கோப்பையைத் தனியே கவிழ்த்து வைத்தார்.

முபாறக் காற்று மாறித் திரும்பி வந்தபோது கதை முழுவதும் அவனுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து இருந்தது. அவன் அடிக்கவில்லை, ஏசவில்லை. தலாக் சொல்லிவிடு என்று மாமி சொன்னபோது எழும்பி வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். ஒரு கிழமை முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான், பொத்தி முடித்த வலையை அவிழ்த்துத் திரும்பவும் பொத்தினான். பிறகு ஒருநாள் அவள் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கையில், தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

“அந்த ஊசி கடுமையா நோகுமா?”

முஃபீதா கையில் அகப்பையோடு நின்றாள். அதற்கு மேல் அவன் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“நோகும். ஆனா போட்டுக்கொள்ளுங்க.”

அவன் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அக்ரம் நிற்கிற வாசலால் எப்படிப் போவது? வலை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சிலாபத்துக்கு பஸ் ஏறினான். அங்கே அவனை ஒருவருக்கும் தெரியாது. மூன்று தரம் போய் மூன்று ஊசியும் போட்டுக்கொண்டு வந்தான். மாமிக்கு மட்டும் அவன் உண்மையைச் சொல்லவே இல்லை. சொல்லு என்று முஃபீதாவும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அந்தக் கோப்பை தனியேதான் இருந்தது. அதற்காக அவள் அவனை மன்னித்தாளா என்று கேட்டால், இல்லை. ஒரே பாயில் படுத்தார்கள், ஒரே சட்டியில் சமைத்தார்கள், மன்னிப்பு என்ற ஒன்று அந்த வீட்டுக்குள் வரவேயில்லை.

அடுத்த வருஷம் பாலைக்கேணி வீட்டுக்குக் கூரை ஏறியது. அதற்கடுத்த வருஷம் வேலை முடிந்து சாவி கொடுக்கிற நாள் வந்தது. ஆள் நேரில் நிற்க வேண்டும். படம் எடுக்கும்போது நிற்பதற்காக முபாறக் அவளையும் கூட்டிக்கொண்டு போனான். பிரதேச செயலகத்துப் பெரியவர்கள் வந்தார்கள், பேசினார்கள், வெள்ளையடித்த வாசலில் நாடா வெட்டினார்கள். சொந்த மண்ணுக்குத் திரும்பி வந்திருக்கிறீர்கள் என்று ஒருவர் கையைக் குலுக்கினார். இரவு பஸ்ஸில் திரும்பிப் போகப் போகிறவர்களிடம்தான் சொன்னார். அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

எல்லாரும் போனபின் முபாறக் தொழப் பள்ளிக்குப் போனான். முஃபீதா மஹ்மூதாச் சாச்சியின் வீட்டு முற்றத்தில் போய் இருந்தாள். சாச்சிக்கு அன்று பெருநாள்தான். தன் சொந்த வீட்டுக்குச் சாவி கிடைத்ததுபோல நின்றார். பிள்ளை தங்காமல் போனது நஸீபு, தலையெழுத்து என்று மட்டுந்தான் அவருக்குத் தெரியும். காரணம் அவர் காதுக்கு வரவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, இந்த வீட்டைக் காப்பாற்ற நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா மகள் என்று தொடங்கினார். கொடியில் போட்ட பழைய சாரம், தானே மூட்டின அடுப்பு, தானே சொன்ன கதைகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்தார். முஃபீதாவும் அவரோடு சேர்ந்து சிரித்தாள். கனநாளைக்குப் பிறகு சிரித்தது.

“எண்ணெ இல்லாத அந்த வருசம் நீங்க ஒருத்தரும் வரேலாமப் போச்சே. அப்பதான் ஒரு புள்ள சைக்கிள உருட்டிக்கொண்டு வந்திச்சு, கந்தோர் உடுப்போட. வேர்த்து ஊத்துது. முஃபீதா இருக்காங்களாண்டு உண்ட பேரச் சொல்லிக் கேட்டிச்சு. நான் விடுவனா? ஆள் இருக்கு, டவுனுக்குப் போயிருக்கு, பின்னேரம் வந்திருமெண்டேன்.”

முஃபீதா சிரிப்பை நிறுத்தவில்லை. அது முகத்திலேயே நின்றுவிட்டது.

“பின்னேரமும் வந்திச்சு மகள். இன்னொரு நாளும் வந்திச்சு. அவசரமான விசயமாம், ஆளிட்ட மட்டுந்தான் சொல்லணுமாம். வீடு அளக்க வாறவங்கட கத எனக்குத் தெரியாதா? போன் நம்பர் இருந்தாத் தாங்க உம்மாண்டு கையப் புடிச்சிக் கேட்டிச்சு. உண்ட நம்பர் எண்ட போனுக்குள்ளதான் இருக்கு. குடுத்தா நீ எங்க இருக்காண்டு புடிச்சிருவாங்களே. இல்லண்டுட்டேன். வயித்துப் புள்ளக்காரிய ஏன் பயங்காட்டுவானெண்டு உனக்கும் கோல் எடுக்கல்ல.”

சாச்சி தேத்தண்ணிக் கோப்பையை அவள் கையில் வைத்தார். அந்தக் கோப்பை மற்றக் கோப்பைகளோடு ஒன்றாகக் கழுவின கோப்பை.

“நான் செஞ்சது சரிதானே மகள்?”

ஒருத்தரும் வரவில்லை என்று இரண்டு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தது அவள் கையை விட்டுப் போயிற்று. வந்திருக்கிறார்கள். வெயிலில், எண்ணெய் இல்லாத காலத்தில், சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, கதவடியில் நின்று, கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். நிஃப்லா அப்போது வயிற்றில் அஸருக்குப் பிறகு உதைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நம்பர் போதுமாக இருந்தது.

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த நம்பரைக் கொடுத்திருந்தால் என் பிள்ளை இன்றைக்கு இந்த முற்றத்தில் மண்ணில் விளையாடும் சாச்சி என்று சொல்லிவிடலாம். எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். பல்லில்லாத சிரிப்போடு, ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லமாட்டாளா என்று பார்த்துக்கொண்டிருந்தது அந்த முகம். இந்தப் பொய்யை முஃபீதாவும் எத்தனை வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள். அந்த வாசல்களுக்கு வந்தவர்கள் எல்லாரும் வீடு அளக்கத்தான் வந்தார்களா? ஒருதரமாவது, என்னத்துக்கு வந்தீர்கள் என்று அவள் கேட்டதில்லை. பிள்ளையைக் கொன்றவர்களை எங்கெங்கோ தேடிக் கோபப்பட்டுக்கொண்டு திரிந்தவளுக்கு, கடைசியில் அகப்பட்டது தனக்காகத் துணி காயப்போட்ட ஒரு கிழவிதான்.

“ஓம் சாச்சி,” என்றாள். “சரிதான்.”

சாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. வாப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும் என்றார். பிறகு, தேத்தண்ணி ஆறப்போகுது, குடி மகள் என்றார். முஃபீதா குடித்தாள்.